போன வருட வீதத்தைக் காட்டி ஊரை ஏமாற்ற வேண்டாம்



கொஞ்ச நாளாக ஊரில் எங்கு போனாலும் ஒரே புலம்பல். "பிக்ஸட்டில இப்ப ஒண்டும் வருதில்ல சேர்." கணக்கும் வணிகமும் படிப்பிக்கிற ஆட்கள் என்பதால் எங்களிடம்தான் முதலில் வந்து கேட்கிறார்கள். அந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டே இரண்டு வகையான ஆட்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். ஒருவர், போன வருட இலாபத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொண்டு வருகிற நிதிய முகவர். மற்றவர், மாதம் 4 சதவீதம் "ஹலால் இலாபம்" தருகிறோம் என்று காதுக்குள் சொல்கிறவர். முதலாமவர் சட்டத்துக்குள் நின்று பாதி உண்மை சொல்கிறார். இரண்டாமவர் சொல்வதில் பாதிகூட உண்மை இல்லை. இரண்டு பேரும் பிழைப்பது நமது ஒரே பழக்கத்தால்தான். எண்ணைப் பார்க்கிறோம், அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை.

கீழே கொமெண்டில் வரப்போகிற கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறோம். வட்டி ஹராம் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. வட்டி தரும் நிதியத்தை ஹலால் என்று சுற்றிவளைத்துச் சொல்ல இந்தப் பதிவை எழுதவில்லை. ஆனால் நம்மவர் பலரின் காசு அங்கேதான் கிடக்கிறது என்பது ஊரறிந்த விடயம். இதை வாசிக்கிற தமிழ், சிங்கள நண்பர்களும் இருக்கிறார்கள். வட்டியை விட்டு ஒதுங்கி இஸ்லாமிய வங்கிப் பிரிவில் வைத்திருப்பவர்களுக்கும் இலாபம் குறைந்துதான் இருக்கிறது, அவர்களைத்தான் இரண்டாம் வகை ஆள் அதிகம் தேடி வருகிறார். ஆகவே இது எல்லோருக்குமான கணக்கு.

முதலில், என்ன நடந்தது என்று பார்ப்போம்.

2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த வருடக் கடைசியில் 91 நாள் திறைசேரி உண்டியல் 30 சதவீதத்தைத் தாண்டி நின்றது. 24 சதவீதம் தருகிறோம் என்று வங்கிகளே விளம்பரம் போட்ட காலம் அது. பிறகு 2023 ஜூன் முதல் இறக்கம் தொடங்கியது. முதல் வெட்டே 2.5 புள்ளிகள், அடுத்த மாதம் இன்னும் 2. அப்படியே படிப்படியாக இறக்கி, 2024 நவம்பரில் ஒரே கொள்கை வீதம் என்ற முறைக்கு மாறி 8 என்றார்கள், 2025 மே மாதம் அதை 7.75 ஆக்கினார்கள். 91 நாள் உண்டியலும் 2025 நடுப்பகுதியில் 8க்குக் கீழே வந்துவிட்டது.

வீட்டுக் கணக்கில் இதைச் சொன்னால் இப்படி வரும். 10 இலட்சம் ரூபாய் வைப்புக்கு 24 சதவீதத்தில் மாதம் 20,000 ரூபாய் வந்தது. 8 சதவீதத்தில் 6,666 ரூபாய். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிப்பதால் கையில் வருவது 6,000. இருபதாயிரம் வந்த இடத்தில் ஆறாயிரம். மாதச் செலவை அந்தக் காசில் ஓட்டிய வயதானவருக்கு இது பெரிய அடிதான், நாங்கள் மறுக்கவில்லை. (ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர்கள் வங்கியில் சுய பிரகடனம் ஒன்றைக் கொடுத்தால் அந்த 10 சதவீதத்தைப் பிடிக்காமல் விடச் சட்டத்தில் இடமுண்டு. பக்கத்து வீட்டு வயதானவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.)

ஆனால் "அந்தக் காலம் நல்ல காலம்" என்று சொல்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியாது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். 24 என்று விளம்பரம் வந்த நேரத்தில் விலைவாசி முந்திய வருடத்தைவிடக் கிட்டத்தட்ட 70 ஏறியிருந்தது. அதற்கு முந்திய ஒரு வருடமாக வைப்பில் காசு வைத்திருந்தவர்கள் நட்டப்பட்டார்கள், கையில் தாள் கூடியதால் தெரியவில்லை. 2024 செப்டம்பர் முதல் 2025 ஜூலை வரை அதே சுட்டெண் முந்திய வருடத்தைவிடக் கீழே நின்றது. ஏறிய விலை எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, மா விலையும் மீன் விலையும் நமக்குத் தெரியும். ஆனால் அந்த மாதங்களில் 8 சதவீதம் பெற்றவருடைய காசின் பெறுமதி உண்மையாகவே கூடியது. விலைவாசி 70 ஏறியபோது தேய்ந்தோம், 8இல் வளர்ந்தோம். இந்தக் கணக்கு விளங்காததால்தான் 24ஐத் தேடி அலைகிறோம், அந்தத் தேடலில்தான் ஏமாற்றுக்காரருக்குச் சோறு கிடைக்கிறது.

இப்போது முதலாம் வகை ஆளுக்கு வருவோம்.

"பிக்ஸட்டை விடுங்க, முறி நிதியத்தில போடுங்க, போன வருஷம் எவ்வளவு குடுத்திருக்கு பாருங்க." அவர் காட்டுகிற எண் பொய்யல்ல. ஆனால் அது ஏன் அவ்வளவு பெரிதாக வந்தது என்று அவர் சொல்வதில்லை. வகுப்பில் சொல்கிற மாதிரியே சொல்கிறோம்.

முறி என்பது கடன் பத்திரம். 100 ரூபாய் கடன் தாருங்கள், வருடம் 12 ரூபாய் தருகிறேன், ஐந்து வருடத்தில் முதலைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதிய கடதாசி. சந்தையில் புது முறிகள் 8 சதவீதத்துக்கு வரத் தொடங்கினால், 12 தருகிற பழைய கடதாசிக்குக் கிராக்கி. ஐந்து வருடம் மீதியிருக்கிற அந்த 100 ரூபாய்க் கடதாசி ஏறக்குறைய 116 ரூபாய்க்குப் போகும். அதைக் கையில் வைத்திருந்த நிதியத்துக்கு 12 ரூபாய் வட்டியோடு இந்த விலையேற்றமும் சேர்ந்துவிடும், அந்த வருடத்து எண் இருபதைத் தாண்டிவிடும். அதைத்தான் நோட்டீஸில் அடிக்கிறார்கள்.

இன்று போய்ச் சேருகிறவருக்கு என்ன கிடைக்கும்? அவர் 116 ரூபாய் கொடுத்து உள்ளே போகிறார். வருடம் 12 ரூபாய் வரும். ஐந்தாம் வருடம் திரும்பி வருவது 116 அல்ல, 100. கூட்டிக் கழித்தால் அவருக்கு வருடத்துக்கு 8 சதவீதம்தான். விலையேற்றம் முன்னமே அங்கிருந்தவர்களுக்குப் போய்விட்டது. கந்தூரி முடிந்து சட்டி கழுவுகிற நேரத்தில், நேற்று எத்தனை கிடாய் அறுத்தார்கள் என்று சொல்லி நம்மைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

வீதம் இன்னும் இறங்கினால் இன்னும் ஏறாதா என்று கேட்பார்கள். ஏறும். 20க்கு மேலிருந்து 8க்கு வந்த வீதத்துக்கு இனி எவ்வளவு தூரம் இறங்க இடமிருக்கிறது என்பதையும் கேளுங்கள். திரும்பி ஏறினால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். 8 சதவீத முறியை 100 ரூபாய்க்கு வாங்கியபின் வீதம் 10 ஆனால், ஒரு வருடம் மீதியிருக்கிற முறியின் விலை 98 ரூபாய்ச் சொச்சம். ஐந்து வருட முறி 92 ரூபாய்ச் சொச்சம். பத்து வருட முறி 88க்கும் கீழே. வீதத்தில் வெறும் 2 புள்ளி மாற்றத்துக்கு இது. 2022இல் ஒரே நாளில் 7 புள்ளி பார்த்தவர்கள் நாம்.

"அரசாங்கக் கடதாசிதானே, என்ன பயம்?" என்பது அடுத்த வசனம். இந்த நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று அறிவித்த அரசாங்கம் இது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது ஊழியர் சேமலாப நிதியின் முறிகள் மாற்றப்பட்டன, புதிய முறிகளுக்கு முதலில் 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் என்று முடிவாயிற்று. கடைச் சிப்பந்தி முதல் தொழிற்சாலைப் பிள்ளைகள் வரை உழைத்துச் சேர்த்த நிதி அது. பொதுமக்கள் நேரடியாக வைத்திருந்த திறைசேரி உண்டியலிலும் வங்கி வைப்பிலும் கை வைக்கவில்லை என்பதும் உண்மை. அரசாங்கப் பத்திரம் இந்த நாட்டில் ரூபாயில் கிடைக்கிற பாதுகாப்பான இடங்களில் ஒன்றுதான். அபாயமே இல்லாத இடம் என்று மட்டும் சொல்லக்கூடாது.

சரி, வீதம் இறங்குகிற காலத்தில் அபாயம் குறைந்த நிதியத்தை எப்படித்தான் தேர்வது? "இன்கம்", "கில்ட்", "மணி மார்க்கெட்" என்று நிதியத்தின் பெயரில் இருப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முகவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஒன்று, உள்ளே இருக்கிற பத்திரங்கள் சராசரியாக எத்தனை வருடத்தில் முதிர்கின்றன? இதுதான் முதல் கேள்வி. சில மாதங்கள் என்றால் விலை பெரிதாக ஆடாது, ஆனால் முதிர்கிற காசைப் புது வீதத்தில்தான் திரும்பப் போடுவார்கள், ஆகவே உங்கள் வருமானமும் வீதத்தோடு சேர்ந்து இறங்கும். ஐந்து, பத்து வருடம் என்றால் இன்றைய வீதம் கூடிய காலத்துக்குப் பிடிபடும், ஆனால் விலை ஆடும். இரண்டுக்கும் ஒவ்வொரு விலை உண்டு.

இரண்டு, போன வருட எண் வேண்டாம். இன்று கையில் இருக்கிற பத்திரங்களை முதிரும்வரை வைத்திருந்தால், செலவு கழித்து வருடம் எத்தனை சதவீதம் வரும்? இதற்குப் பதில் சொல்லத் தெரியாத முகவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

மூன்று, யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறீர்கள்? அரசாங்கத்துக்கா, வங்கிக்கா, லீஸிங் கம்பனிக்கா? தரப்படுத்தல் என்ன? வீதம் இறங்கும்போது எண்ணைக் கூட்டிக் காட்ட, தரம் குறைந்த கம்பனிப் பத்திரங்களை உள்ளே போடுவது உலகம் முழுக்க நடக்கிற வேலை. மற்ற நிதியத்தைவிட இரண்டு மூன்று புள்ளி கூடத் தருகிறார்கள் என்றால் காரணம் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

நான்கு, உங்கள் கட்டணம் எவ்வளவு? வீதம் 24 ஆக இருந்தபோது 1 சதவீதக் கட்டணம் கண்ணில் படவில்லை. 8இல் 1 போனால் எட்டில் ஒரு பங்கு போகிறது. 10 இலட்சத்துக்கு வருகிற 80,000இல் 10,000.

ஐந்து, எங்கள் காசு யாரிடம் இருக்கும்? பதிவுபெற்ற யூனிட் ட்ரஸ்ட் என்றால் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி இருக்கவேண்டும், சொத்துக்களை முகாமைக் கம்பனி அல்லாமல் வேறொரு பொறுப்பாளர் வங்கி வைத்திருக்கவேண்டும். அப்படி இருந்தாலும் அது வங்கி வைப்பு ஆகாது. அனுமதி பெற்ற வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் உள்ள வைப்புக்கு ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. யூனிட் ட்ரஸ்டுக்கு அது கிடையாது.

இதற்கெல்லாம் முன்னால் நமக்கு நாமே ஒரு கேள்வி கேட்கவேண்டும். இந்தக் காசு எப்போது வேண்டும்? வருகிற வருடம் மகளின் வீட்டுக்குக் கூரை போட வைத்திருக்கிற காசு நீண்டகால முறி நிதியத்துக்குள் போகக்கூடாது, அது போன வருடம் எவ்வளவு கொடுத்திருந்தாலும் சரி. ஒரு வருடத்துக்குள் தேவைப்படுவது குறுங்கால நிதியத்திலோ உண்டியலிலோ வைப்பிலோ இருக்கட்டும். மூன்று நான்கு வருடம் தொடத் தேவையில்லாததில் ஒரு பங்குக்கு மட்டும் கொஞ்சம் நீண்ட முறியை யோசிக்கலாம். அபாயம் குறைந்தது எது என்பதைத் தீர்மானிப்பது அந்தக் காசு தேவைப்படுகிற திகதி.

இனி இரண்டாம் வகை ஆள். இவர் நோட்டீஸ் கொண்டுவருவதில்லை. மச்சான் என்று வருவார், சாச்சாவின் மகன் என்று வருவார், தொப்பியோடு வருவார். "வட்டி எடுத்து ஏன் பாவத்தைச் சேர்க்கிறீங்க? எங்கட பிஸ்னஸ்ல போடுங்க, மாசம் 4 வீதம், சுத்தமான முழாரபா."

முழாரபா என்றால் என்ன என்று மதரஸாவில் ஓதுகிற பிள்ளைக்கும் தெரியும். ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார், வருகிற இலாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரிப்பார்கள், உழைத்தவரின் தவறில்லாமல் நட்டம் வந்தால் முதல் போட்டவர் தாங்குவார். இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் போட்ட முதலுக்கு மாதம் 4 நிச்சயம் என்று பேசினால் அது முழாரபா ஆகாது. அதற்கு நமது மார்க்கத்தில் உள்ள பெயர் வட்டிதான். 8 சதவீத வட்டிக்குப் பயந்து 48 சதவீத வட்டிக்குள் ஓடுகிறோம், பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு.

வியாபாரமாகவே யோசித்துப் பாருங்கள். வருடம் 48 சதவீதத்தை மற்றவருக்குக் கொடுத்தும் மிஞ்சுகிற வியாபாரம் ஒருவரிடம் இருந்தால், அதில் கால்வாசிகூட இல்லாத வட்டிக்கோ இலாப விகிதத்துக்கோ வங்கி அவருக்குக் கடன் தரும். நம் ஊர் விதவையின் இரண்டு இலட்சத்துக்கு அவர் ஏன் வெயிலில் அலைகிறார்? முதல் ஆறு மாதம் ஒழுங்காகக் காசு வரும், அதை வாங்கியவர் நாலு பேரைச் சேர்ப்பார். வந்தது வியாபார இலாபம் அல்ல, பின்னால் சேர்ந்தவரின் முதல். ஒரு நாள் போன் நின்றுவிடும்.

மத்திய வங்கியின் அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் வைப்பு எடுப்பது 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி குற்றம். பிரமிட் திட்டம் நடத்துவது மட்டுமல்ல, அதைப் பரப்புவதும் வங்கித்தொழில் சட்டப்படி குற்றம். தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டிருக்கிறது, அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலும் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது. போனில் இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யக் கூச்சம், காரணம் வந்தவர் சொந்தக்காரர். "மச்சானிட்ட கடதாசி கேக்கிறதா?" என்கிறோம். சூரா பகராவின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே நீளமான வசனம், கடனை எழுதிச் சாட்சி வைப்பதைப் பற்றியது. அதை ரமழானில் ஓதிவிட்டு, மச்சானிடம் கடதாசி கேட்பது மரியாதைக் குறைவு என்கிறோமே, இது எந்த நியாயம்?

உண்மையான ஷரீஆ முறை நிதியங்களும் இலங்கையில் உண்டு. கொழும்புப் பங்குச்சந்தையில் சுக்கூக்கும் வரத் தொடங்கிவிட்டது. வட்டியை விட்டு விலக நினைப்பவர்கள் அவற்றைப் பார்க்கட்டும், உலமாக்களிடம் கேட்கட்டும், நாங்கள் அதைத்தான் சொல்கிறோம். ஆனால் மேலே சொன்ன ஐந்து கேள்வியையும் அங்கேயும் ஒன்று விடாமல் கேளுங்கள். காசு எந்த நிறுவனங்களில் போடப்பட்டிருக்கிறது, ஷரீஆ மேற்பார்வை செய்பவர்கள் யார், கணக்காய்வு அறிக்கை எங்கே? ஹலால் என்ற முத்திரை ஒரு பொருளின் மார்க்க நிலையைச் சொல்லும். காசு திரும்பி வருமா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது கணக்குத்தான்.

கடைசியாக, நிருவாகத்தில் இருப்பவர்களுக்கு. பள்ளிவாசல் நிருவாக சபை, ஜனாஸா சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், எல்லோருக்கும்தான். உங்கள் கையில் இருப்பது உங்கள் காசு அல்ல. வருமானம் குறைந்துவிட்டது என்று நீங்களும் "கொஞ்சம் கூட வருகிற இடம்" தேடுவதாகக் கேள்விப்படுகிறோம். நாங்கள் கேட்பது மூன்று.

சங்கக் காசு எந்த நிறுவனத்தில், எந்தப் பெயரில், எந்தத் திகதிவரை இருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். தலைவரும் பொருளாளரும் மட்டும் அறிந்த முதலீடு வேண்டாம்.

ஜனாஸா சங்கத்தின் காசு இரவு இரண்டு மணிக்கும் தேவைப்படும். அதில் ஒரு பங்கு எப்போதும் எடுக்கக்கூடிய கணக்கில் இருக்கட்டும், அதற்கு இலாபம் குறைந்தாலும் பரவாயில்லை. கபன் துணி வாங்குகிற காசு பத்து வருட முறிக்குள் இருக்க முடியாது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியையும் ஜும்ஆவுக்குப் பிந்திய அறிவித்தலையும் எந்த முதலீட்டுத் திட்டத்துக்கும் கொடுக்காதீர்கள். பள்ளியில் சொன்னார்கள் என்பதற்காகவே காசு போடுகிற உம்மாமார் இந்த ஊரில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் இழந்தால் மறுமையில் மட்டுமல்ல, அடுத்த பொதுக்கூட்டத்திலும் நீங்கள் பதில் சொல்லவேண்டி வரும்.

இந்த வருடம் ஓய்வுபெறுகிற ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓய்வூதியத்தோடு மொத்தமாக வருகிற தொகை, முப்பது வருடம் சோக்குத் தூசி தின்ற காசு. அது கணக்கில் விழுந்த அன்றே மணம் பிடித்து ஆட்கள் வருவார்கள். முதல் மூன்று மாதம் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதீர்கள். மூன்று மாதம் சாதாரண கணக்கில் கிடந்தால் கொஞ்சம் இலாபம் போகும். அவசரப்பட்டால் முதலே போகும்.

8 சதவீதம் வெட்கப்படுகிற எண் அல்ல. விலைவாசி அடங்கியிருக்கிற காலத்தில் நேர்மையான இடத்திலிருந்து வருகிற வருமானம் இப்படித்தான் இருக்கும். அதைவிடப் பல மடங்கு தருகிறேன் என்று வருகிறவரிடம் அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். இல்லையென்று சொன்னால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கணக்கோடு வாருங்கள், பதில் சொல்கிறோம்.

வஸ்ஸலாம்.